தங்க எழுத்துப் புத்தகமும் ஓர் அர்ச்சனைச் சீட்டும்

அந்த மனிதர் நூலக வாசலில் செருப்பைக் கழற்றினார்.

கழற்ற வேண்டாம் என்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினேன். நான் வணக்கம் சொல்வதாக நினைத்து அவரும் கும்பிட்டார். பிறகு ஒரு செருப்பைத் தூணுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைத்துவிட்டு உள்ளே வந்தார். கோயிலில் ஜோடி களவு போகாமலிருக்க நம் ஆட்கள் செய்கிற ஏற்பாடு அது. நீதிபதிகளும் வக்கீல்களும் வந்துபோகிற இடத்தில் அவருடைய ரப்பர் செருப்பை யார் எடுக்கப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சிரிப்பை அடக்கப் பழக்கமுண்டு.

ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த அந்தச் சட்ட நூலகத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே கொஞ்சம் புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. அது பொது நூலகம். 'பொதுமக்கள் வரலாம்' என்று வாசலில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. பொதுமக்கள் அதை நின்று படிப்பார்கள். கறுப்புக் கோட்டுக்காரர்கள் உள்ளே போவதைப் பார்ப்பார்கள். அப்புறம் எதிரே உள்ள கடையில் ஒரு தே தாரேக் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இவர் போகவில்லை. என் முகப்புக்கு நேராக வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு பேனா, கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சின்ன ஆங்கில அகராதி.

"வணக்கம்மா. எம் பேரு மருதமுத்து. செனாய்ல பாக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனேன். வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. இன்னியோட நாப்பது நாளாச்சு."

"மன்னிக்கணும் ஐயா. நாங்க சட்ட ஆலோசனை சொல்ல மாட்டோம்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையேம்மா."

உண்மைதான், கேட்கவில்லை.

ஒரு வாக்கியத்தின் வரலாறு

அந்த வாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு அங்கே இருந்த ஒருவர், வாசகர் ஒருவரிடம் "உங்க கேஸ் நிச்சயம் ஜெயிக்கும்" என்று சொல்லிவிட்டாராம். கேஸ் தோற்றது. வாசகர் நூலகத்தின் மேலேயே புகார் எழுதினார். அன்றைக்கு எங்கள் தலைவி ரொஹானா அம்மையார், மலாயில் புவான் ரொஹானா, ஒரு விதி போட்டார். புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

நல்ல விதிதான். நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே நேசித்தேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு முகப்பில் ஒட்டியவள் நான்தான். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் தானாகவே அதைச் சொல்லப் பழகிவிட்டது. ஒருமுறை கழிவறை எங்கே என்று கேட்ட ஒருவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் பாவம், அதற்கும் சட்டம் இருக்கிறதாக்கும் என்று கீழ்மாடிக்கு ஓடினார்.

மருதமுத்து ஓடவில்லை. நான் தடுத்தும் தன் கதையைச் சொல்லி முடித்தார். யாரோ ஓட்டிய வண்டி இடித்துச் சரக்கு நாசமாகிவிட்டது. 'நான்தான் இடித்தேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இவர் போடவில்லை. மேலதிகாரி பேச்சைக் கேட்கவில்லை என்று கடுதாசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருஷ வேலை.

"கட்சிக்காரங்களப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. பாக்டரியில யூனியன் இல்ல. வக்கீலப் பாக்கக் கையில வசதி இல்ல. அதான், சட்டத்த நானே படிச்சிரலாம்னு."

"தொழிலாளர் சட்டமெல்லாம் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். அதற்கு விதியில் இடமிருந்தது.

மூன்று நாள்

நான் காட்டிய பக்கத்தில், வாசலைப் பார்த்த மாதிரி, கரும்பச்சைத் தோல் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த தடித்த தொகுதிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மூன்று கிலோவாவது இருக்கும். அவர் அதில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து, சாமி தூக்குகிற பக்குவத்தோடு மேசைக்குக் கொண்டுபோனார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். மூன்று நாளும் திறந்தவுடன் வந்துவிடுவார். சட்டத்தை முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படித்தார். நடுவில் திறந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு ஆங்கில வார்த்தை, அகராதி, நோட்டில் அர்த்தம், மறுபடி அடுத்த வார்த்தை. குளிர்சாதனக் குளிரில் கால் விறைத்துப் போய், வெறுங்காலை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக்கொண்டே படிப்பார். நான் என் கம்பளிச் சட்டைக்குள் வசதியாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து மேசைகளில் பயிற்சி வக்கீல்கள் கணினியில் இரண்டு வார்த்தையைத் தட்டிவிட்டு, வந்ததைப் படம் பிடித்துக்கொண்டு பத்தே நிமிஷத்தில் கிளம்பினார்கள். அவர்களில் யாரும் அந்தத் தங்க எழுத்துத் தொகுதிகளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் ஒரு பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். அகராதியைத் திறந்தார், மூடினார். விரலை மடக்கி நாட்களை எண்ணினார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தபடியே இரண்டு கையில் ஏந்தி என் முகப்புக்குக் கொண்டுவந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இதுதானா சட்டம்?"

"மன்னிக்கணும் ஐயா. நாங்க சட்ட ஆலோசனை சொல்ல மாட்டோம்."

"சரிங்கம்மா."

அவ்வளவுதான். கோபப்படவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து மூடினார். வருகைப் பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதினார். தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

பசை வாசனை

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

சட்டப் புத்தகம் என்றால் கல்லில் பொறித்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு டப்பாப் பசையும் கத்தரிக்கோலும். நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தைத் திருத்தினால், திருத்தம் அச்சாகித் துண்டுத் தாளாக எங்களுக்கு வரும். அதை வெட்டி, பழைய வரியின் மேல் ஒட்ட வேண்டும். காலையில் ஒட்டினால் சாயங்காலம் சாப்பாட்டுக் கையிலும் அந்த வாசனை வரும். நாட்டின் சட்டம் என் விரல் நகத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். திருத்தங்களையெல்லாம் சேர்த்து அவ்வப்போது மெல்லிய புத்தகமாக, மலாயிலும் ஆங்கிலத்திலும் மறுபதிப்பு வந்துவிடும். பார்ப்பதற்குப் பஞ்சாங்கத்தைவிட இளைத்த புத்தகம். ஆனால் நடப்புச் சட்டம் அதுதான்.

அப்படியானால் பழைய தொகுதிகளைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கூடாது. இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்துக்கு வழக்கு நடந்தால், அன்றைக்கு என்ன சட்டம் இருந்தது என்று பார்த்தாக வேண்டும். செத்துப்போன சட்டத்துக்கும் ஓர் அறை வைத்திருப்பதுதான் சட்ட நூலகத்துக்கு அழகு. எங்களிடம் பின்கட்டில் அப்படி ஓர் அறை இருந்தது. அந்தத் தங்க எழுத்துத் தொகுதிகளின் சொந்த வீடு அதுதான்.

அவை முன்வாசலுக்கு வந்த கதை இப்படி. ஒரு வருஷம் ஒரு பெரிய மனிதர் நூலகத்தைப் பார்க்க வந்தார். படம் எடுப்பார்கள். அவருக்குப் பின்னால் பஞ்சாங்கம் மாதிரி இளைத்த புத்தகங்களா நிற்பது என்று புவான் ரொஹானா கவலைப்பட்டார். "கலா, அந்தப் பச்சை செட் கம்பீரமா இருக்குமே" என்றார். நானும் இன்னொருவரும் அரை நாள் சுமந்து முன்னால் அடுக்கினோம். மெல்லிய புத்தகங்கள் பின்னறைக்குப் போயின. பெரிய மனிதர் வந்தார், படம் எடுத்தார்கள், கறிபாப் பலகாரம் சாப்பிட்டார், போய்விட்டார். புத்தகங்களைத் திரும்ப மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாத வேலையை நான் செய்ததாகச் சரித்திரம் இல்லை.

வக்கீல்களுக்கு அதில் நஷ்டமில்லை, அவர்களுக்குக் கணினி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள்தான் முதலில் கண்ணில் படுகிற தடித்த புத்தகத்தை எடுப்பார்கள். அப்படி வருகிறவர் யாரும் இல்லையே என்று இருந்துவிட்டேன்.

தள்ளுவண்டி

படித்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் சேர்த்துவைத்து, ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் அலமாரியில் திருப்பி அடுக்குவது என் பழக்கம். அவர் போனதற்கு அடுத்த வாரத்து வியாழக்கிழமை பச்சைத் தொகுதியைத் தூக்கும்போது உள்ளே ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. திறந்தேன்.

மஞ்சள் தாளில் ஓர் அர்ச்சனைச் சீட்டு. அடையாளத்துக்கு வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அது இருந்த பக்கத்தில், வேலைநீக்கம் செய்யப்பட்டவர் முறையிட வேண்டிய கால அளவு இருந்தது. ஒரு மாதத்துக்குள்.

விறுவிறுவென்று பின்னறைக்குப் போய் மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். மலாய்ப் பதிப்பு. அதே பிரிவு. அறுபது நாட்களுக்குள் என்று இருந்தது. எப்போதோ மாற்றிவிட்டார்கள்.

அந்த மனிதர் நாற்பது நாள் கழித்து வந்தவர். மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்டி, தன் கெடு முடிந்துவிட்டது என்று ஒரு செத்த சட்டத்தில் படித்துத் தெரிந்துகொண்டு, அதையும் நம்பாமல் என்னிடம் கொண்டுவந்து "இதுதானா சட்டம்?" என்று கேட்டார். அவர் ஆலோசனை கேட்கவில்லை. இது சரியான புத்தகமா என்றுதான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

உண்மையான சட்டமோ அவருக்குச் சரளமாகத் தெரிந்த மலாயில், பின்னறையில், நான் வைத்த இடத்தில் இருந்தது.

நாட்காட்டியைப் பார்த்தேன். ஐம்பத்தொன்றாவது நாள். நாளை வெள்ளி, மறுநாள் சனி, இரண்டும் விடுமுறை. எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் மருதமுத்து. ஊர் செனாய். வந்த காரணம்: படிக்க. தொலைபேசி எண் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதும் நான்தான்.

என் நட்சத்திரம்

அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத விவரமெல்லாம் அந்த அர்ச்சனைச் சீட்டில் இருந்தது. மருதமுத்து, பூரட்டாதி. பார்வதி, அஸ்தம். கீழே இரண்டு பிள்ளைகள், அவரவர் நட்சத்திரத்தோடு. மேலே கோயிலின் தொலைபேசி எண்.

இந்த நட்சத்திர விவகாரம் எனக்கு ஆகாது. என் நட்சத்திரம் மூலம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். கூலாயிலிருந்து என்னைப் பெண் பார்த்துப் பலகாரமெல்லாம் சாப்பிட்டவர்கள், வாசலில் காரைக் கிளப்பும்போது நட்சத்திரத்தைக் கேட்டார்கள். அம்மா சொன்னார். அந்தக் கார் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் வந்த கார்களும் அப்படித்தான். அதன் பிறகு நான் எந்தக் கோயிலிலும் சீட்டு எழுதியதில்லை. யாராவது எழுதச் சொன்னால் சாமி பேருக்கே போடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் அன்று ஒரு மஞ்சள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் பொருளாளர் லெட்சுமணன். குரலிலேயே பதவி தெரிந்தது.

"மருதமுத்துங்களா? தெரியும். வெள்ளிக்கிழமை வருவாங்க. நீங்க யாரு?"

"சட்ட நூலகத்துலருந்து பேசறேன். அவரோட போன் நம்பர் வேணும்."

"மன்னிக்கணும்மா. பக்தர்களோட விவரத்த நாங்க வெளிய கொடுக்க மாட்டோம். கமிட்டி ரூல்."

"ரொம்ப அவசரம் சார்."

"எல்லாரும் அவசரம்னுதாம்மா சொல்றாங்க."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் சுடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மைக்

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துச் செனாய்க்குப் போனேன். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த இடம். தோட்டம் போய்த் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. இரண்டு தொழிற்சாலைச் சுவருக்கு நடுவே அம்மன் மட்டும் இடத்தை விடாமல் இருந்தாள்.

லெட்சுமணன் சீட்டு எழுதுகிற மேசையில் இருந்தார். நம்பர் கொடுக்க மாட்டேன் என்று நேரிலும் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி நல்ல மனிதர், பொருளாளர்தான் கல்லாக இருந்தார். என் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலவே இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. வாசலை மறித்து நிற்கிற வெள்ளை மைவி காரின் சொந்தக்காரர் உடனே வந்து எடுக்கவும். மைக் லெட்சுமணன் கையில்தான் இருந்தது.

"சார், கார எடுக்கச் சொல்றீங்களே, அது மாதிரி எனக்கும் ஒரு அறிவிப்புச் செய்ய முடியுமா?"

யோசித்தார். விவரத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்றுதான் கமிட்டி ரூல். உள்ளே அறிவிப்பதைப் பற்றி ரூலில் ஒன்றுமில்லை. மைக் பிடிப்பதென்றால் அவருக்கும் பிடிக்கும் போலிருந்தது.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் வசதிக்குக் கொஞ்சம் அலங்கரித்துக்கொண்டார்.

"பக்தகோடிகள் கவனத்துக்கு. செனாய் மருதமுத்து அவர்கள், ஜொகூர் பாரு அரசாங்கச் சட்ட நூலகத்துல எடுத்த புத்தகம் சம்பந்தமா, உடனடியா நூலகத்துக்கு வரும்படி அதிகாரிகள் கேட்டுக்கிறாங்க. மறுபடியும் சொல்றேன்."

மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. தீபாராதனை முடிந்து கூட்டம் கலைகிறவரை நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கையில் குடையோடு ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை. ஐம்பத்துநாலாவது நாள். நூலகம் திறந்த அரை மணி நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கையில் குடை.

"இங்க யாரு அது? கோயில்ல வந்து மைக்ல சொல்லச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"எங்க வீட்டுக்காரரு புத்தகம் திருடற ஆளில்ல. வேலைதான் போச்சு. மானமும் போகணுமா? கோயில்ல அத்தன பேரு முன்னால மூணு தடவ சொல்றாங்க. பக்கத்துல நின்னவங்க எல்லாம் என்னயத் திரும்பிப் பாக்கறாங்க."

பார்வதி, அஸ்தம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அம்மா, அவரு எதையும் எடுக்கல. நாங்கதான் தப்பான புத்தகத்தக் கொடுத்திட்டோம்."

குடை கொஞ்சம் தாழ்ந்தது. "தப்பான புத்தகமா?"

பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுவிட்டன. கண்ணாடி அறைக்குள்ளிருந்து புவான் ரொஹானா நிமிர்ந்து பார்த்தார். நான் மெல்லிய புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்வதியின் முன்னால் வைத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவர். மலாயை என்னைவிட வேகமாகப் படித்தார். உதடு அசைந்து, 'அறுபது' என்கிற இடத்தில் நின்றது.

பிறகு புத்தகத்தை மூடி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இவ்ளோ மெல்லிசா இருக்கே. அவரு படிச்சது இம்மாம் பெரிசுன்னு சொன்னாரே. அதுல முடிஞ்சு போச்சுன்னு இருந்துச்சாம். மூணு நாளு சோறு எறங்கல அவருக்கு. அப்புறம் சிங்கப்பூர்ல ஒரு கிடங்குல தினக்கூலிக்குப் போயிட்டாரு. வாரத்துக்கு ஒரு நாளுதான் வராரு."

"மூர்த்தி சிறிசானாலும் கீர்த்தி பெரிசும்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் படித்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார்.

"கலாவதியம்மா, நேராச் சொல்லுங்க. இதுதானா சட்டம்? இன்னும் நேரம் இருக்கா?"

முகப்பில் என் கையாலேயே உறை போட்டு ஒட்டிய வாக்கியம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. புவான் ரொஹானா எழுந்து கதவருகே வந்துவிட்டார். என் வாய் பழக்கப்படி 'மன்னிக்கணும்' என்று தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன்.

"இதுதான் சட்டம். ஆறு நாள் இருக்கு. அவர வரச் சொல்லுங்க. தொழில் உறவு ஆபீசுக்கு அவரே கடுதாசி எழுதிக் கொடுக்கணும். வக்கீல் வேணாம்."

பார்வதி அங்கேயே நின்று போனை எடுத்தார். நூலகத்தில் போன் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. "ஏங்க, முடியலங்க, இன்னும் முடியல, வாங்க" என்று அவர் பேசியதை எட்டு வக்கீல்களும் இரண்டு பயிற்சி வக்கீல்களும் கேட்டார்கள். ஒருவரும் உஷ் என்று சொல்லவில்லை.

அவர் போன பிறகு புவான் ரொஹானா என் மேசைக்கு வந்தார். மலாயில்தான் பேசினார்.

"கலா, அந்த அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?"

"எது புதிய பதிப்பு என்று சொன்னேன், புவான்."

"அதற்கு மேல்?"

"அதற்கு மேலும் சொன்னேன்."

அவர் பச்சைத் தொகுதிகளைப் பார்த்தார். தங்க எழுத்து நன்றாகத்தான் மின்னியது. அப்புறம், "புதிய பதிப்பு எது என்று சொல்வது ஆலோசனை இல்லை. அது நம் வேலை. மற்றது என் காதில் விழவில்லை" என்றார். மத்தியானம் அவரும் நானுமாகப் பச்சைத் தொகுதிகளைப் பின்னறைக்குச் சுமந்தோம். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வருஷம் வேறொரு பெரிய மனிதர் வந்தபோது அவை மறுபடி முன்னால் வந்தன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டோம்.

பிரசாதம்

மருதமுத்து செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மூன்று மணி நேரம் நின்று ஊருக்கு வந்து, மறுநாள், அதாவது ஐம்பத்தேழாவது நாள், கடுதாசியைக் கொடுத்தார் என்று பார்வதி போனில் சொன்னார். அதோடு தகவல் நின்றுவிட்டது. ஆனது என்ன என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்த மனிதரிடம் என்னவென்று கேட்பது?

மாதங்கள் கழித்து ஒரு நாள் தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு செருப்பு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னொன்று.

கையில் வாழையிலைப் பொட்டலம். முகத்தில் பளிச்சென்று விபூதி.

"வேல திரும்பக் கெடச்சிருச்சும்மா. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டாங்க. அந்தக் கையெழுத்து விஷயத்தக் கேட்டதும் கம்பெனிக்காரங்க எறங்கி வந்துட்டாங்க. அதே ஃபோர்க்லிஃப்ட். அதே சூப்பர்வைசரு. இப்ப அண்ணேன்னு கூப்பிடறான்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா." நிஜமாகவே சந்தோஷம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அத்தனை மாதமாக மனதில் ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். "அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான்..."

"எல்லாம் ஆத்தா செயலும்மா" என்று அவர் குறுக்கிட்டார். "நான் மனசு விட்டுப்போயி கோயிலுக்கே போறத நிறுத்திட்டேன். ஆத்தா விடல பாருங்க. மைக்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுருச்சு."

மைக் லெட்சுமணனுடையது, பேர் சொல்லச் சொன்னது நான், பஸ் டிக்கெட்கூட இன்னும் என் பையில் கிடக்கிறது என்று சொல்ல நாக்குத் துடித்தது. எல்லாப் புகழையும் அம்மனுக்கு எழுதிவைத்துவிட்ட மனிதரிடம் போய்ப் பங்கு கேட்பதா? பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். சர்க்கரைப் பொங்கல். இன்னும் சூடு ஆறவில்லை.

"நேத்து ஸ்பெஷல் அர்ச்சனை வச்சோம்மா. சீட்டு உங்களுக்குத்தான்."

மஞ்சள் தாள். மருதமுத்து, பூரட்டாதி. பார்வதி, அஸ்தம். பிள்ளைகள் இரண்டு பேர். அதற்குக் கீழே ஐந்தாவது வரியில் என் பெயர். கலாவதி. அதற்கு நேரே நட்சத்திரம் என்ற கட்டத்தில் லெட்சுமணனின் கொட்டை எழுத்தில், லைப்ரரி.

"உங்க நட்சத்திரம் தெரியலம்மா. சாமி பேருக்குப் போடவான்னு பொருளாளரு கேட்டாரு. பார்வதி ஒத்துக்கல. அவங்களுக்குன்னு தனியாச் சொல்லணும்னுட்டா. கட்டத்தக் காலியா விட்டா ரூல்படி சீட்டுக் கிழிக்க முடியாதாம். அதான்."

"குருக்கள் என்ன சொன்னாரு?"

"லைப்ரரி நட்சத்திரேன்னு சொன்னாரும்மா. தடுமாறவே இல்ல."

அவர் பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டுப் போனார். தொலைபேசி எண் கட்டத்தையும் இந்த முறை தானாகவே நிரப்பியிருந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து, புத்தகத்தில் நெய் படக் கூடாது என்ற விதியை மதித்துப் பின்னறைக்குப் போய், செத்த சட்டங்களுக்கு நடுவில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிடும்போது அழுதேன்.

ஐம்பது வயதுவரை நான் நட்சத்திரத்தை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது எந்தக் கோயிலில் கேட்டாலும் சொல்கிறேன்.